அண்ணாவியாருக்குப் போகாத காசு

கேள்வி: என் மகன் வீட்டுக் கணினியிலும் போனிலும் விளம்பரம் வராமல் தடுக்கும் ஏதோ ஒன்றைப் போட்டிருக்கிறான். யூடியூப் காட்டும் விளம்பரம் மட்டுமில்லை, வீடியோ செய்பவரே நடுவில் நிறுத்தி ‘இதற்கு அனுசரணை வழங்குபவர்கள்’ என்று சொல்கிற இடத்தையும் அது தானாகத் தாண்டிப் போகிறது. இலவசமாகப் பார்த்துவிட்டு, உழைப்பவரின் வருமானத்தையும் தட்டிப் பறிப்பது திருட்டுத்தானே? மகனுக்கு நீங்களே புத்தி சொல்லுங்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: ரீச்சர், ‘இலவசமாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நான் நின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் ரீலோட் போடுவது யார்? விளம்பரமும் ஒரு வீடியோதான். அது இறங்கும்போதும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டேட்டாதான் கரைகிறது. வெல்லாவெளிப் பக்கம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை கணிதப் பாடம் பார்க்க உட்கார்ந்தால், பாடம் தொடங்குமுன் இரண்டு விளம்பரம். இருபது நிமிடப் பாடத்தின் நடுவில் இன்னும் இரண்டு. அந்தப் பிள்ளையின் தகப்பன் வயல் கூலியில் போட்ட ரீலோட்டில் யாரோ ஒரு சவர்க்காரக் கொம்பனி தன் சரக்கைக் கூவுகிறது. அது போதாதென்று, பிள்ளை எதைப் பார்த்தது, எதில் எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டு, அடுத்து எந்த விளம்பரம் காட்டலாம் என்று தீர்மானிக்கப்படுகிறது. இதை இலவசம் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது, திருட்டு. விளம்பரத் தடுப்பான் விவகாரம் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பெரிய பத்திரிகைக் குழுமம் தொடுத்த வழக்கில், தடுப்பானை வெளியிடுவது முறையற்ற வர்த்தகம் ஆகாது என்று 2018இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், தேடுதளங்களில் நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரங்கள் வருவதைச் சொல்லி, தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்றே பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது. திருடனைப் பிடிக்கிற திணைக்களமே போடச் சொன்ன பூட்டை உங்கள் மகனும் போட்டிருக்கிறான். யூடியூப்பின் நிபந்தனைகளுக்கு இது விரோதம் என்பது உண்மை. 2023இன் கடைசியிலிருந்து தடுப்பானைக் கண்டுபிடித்தால் வீடியோவையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவது அவர்கள் உரிமை. அந்தக் கடையில் அவர்கள் விதித்த விதி அது. அதை மீறுவதைத் திருட்டு என்று சொல்லிப் பிள்ளையின் தலையில் பாவத்தை ஏற்றாதீர்கள்.

இந்த இதழின் பின்னட்டையில் காத்தான்குடிப் புடவைக் கடை விளம்பரம் வருகிறது. நீங்கள் அதைப் பார்க்காமல் புரட்டினால் கடைக்காரர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சண்டை பிடிப்பதில்லை. நானும் பிடிப்பதில்லை. பார்க்க வைக்கிற மாதிரி விளம்பரம் போடுவது எங்கள் இருவரின் பொறுப்பு.

சரி, உழைப்பவரின் வருமானம் என்று கேட்டீர்கள். என் வயிறு எரிகிற இடம் அதுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கோயில் முன்றலில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தை ஒரு தம்பி கூத்தாடும் களரி ஓரத்தில் நின்று போனில் எடுத்து யூடியூப்பில் போட்டிருந்தார். பாரதக் கதை. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் தனியே நிற்கிறான். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் மத்தளம் ஏறிக்கொண்டே போகிறது, சல்லாரித் தாளம் அதோடு ஓடுகிறது, பிற்பாட்டுக்காரர் தொண்டை கிழியப் பாடுகிறார்கள், வில்லும் கையுமாகச் சுழன்று ஆடுகிற பொடியனின் காற்சதங்கை போனின் சின்ன ஒலிபெருக்கியிலும் கேட்கிறது. அந்த இடத்தில், தாளம் தீருமுன்னே, ஷாம்பூ. ஒரு பெண் தலைமுடியை வீசிக் காட்டுகிறாள். முடிந்து திரும்பும்போது அபிமன்யு விழுந்து கிடக்கிறான். எத்தனையோ மாதம் பழகி ஆடிய கூத்தின் உச்சத்தை ஒரு இயந்திரம் இப்படி வெட்டிப்போட்டது.

அந்த ஷாம்பூக் காசில் அண்ணாவியாருக்கு என்ன கிடைத்தது? ஒரு சதமும் இல்லை. படமெடுத்த தம்பிக்கும் இல்லை. யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு தர வேண்டுமென்றால் சனலுக்கு ஆயிரம் சந்தாதாரர் இருக்க வேண்டும், அதோடு பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணிநேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது குறும் வீடியோக்கள் 90 நாளில் ஒரு கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கை எட்டிச் சேர்ந்தவர்களுக்கு நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 வீதம், குறும் வீடியோக்களில் 45 வீதம். எட்டாதவர்களுக்கு எதுவும் இல்லை. ஆனால் எட்டாதவர்களின் வீடியோவிலும் விளம்பரம் ஓட்டலாம் என்று 2020 நவம்பரில் தங்கள் நிபந்தனையை மாற்றிக்கொண்டார்கள். முதலில் அமெரிக்காவில், 2021 நடுப்பகுதிக்குள் மற்ற நாடுகளிலும். அதாவது, நம் ஊர்ச் சின்னச் சனல்களில் வரும் விளம்பரக் காசு முழுவதும் ஒரே பக்கமாகப் போகிறது. தட்டிப் பறிப்பது யார் என்ற கேள்வியை உங்கள் மகனிடம் கேட்பதற்கு முன் அங்கே கேட்க வேண்டும், ரீச்சர்.

பங்கு கிடைக்கிறவர்களின் நிலையும் நல்லதாக இல்லை. எட்டு நிமிடத்துக்குக் குறையாத வீடியோவில்தான் நடுவில் விளம்பரம் வைக்கலாம். அதனால் கல்லடியில் நண்டுக் கறி எப்படி இருக்கிறது என்று சொல்ல மூன்று நிமிடம் போதுமான இடத்தில், பாலத்தில் ஏறுவது, இறங்குவது, வெயிலைப் பற்றிப் பேசுவது என்று எட்டு நிமிடத்துக்கு இழுக்கிறார்கள். திறமையுள்ள பிள்ளைகள் இப்படி நீட்டி முழக்கப் பழகிவிட்டார்களே என்று எனக்குக் கவலை.

இனி அனுசரணை. உங்கள் மகன் போட்டிருப்பது பெரும்பாலும் ஸ்பொன்சர்பிளாக் என்பதாக இருக்கும். அஜய் ராமச்சந்திரன் என்ற மென்பொருளாளர் 2019இல் தொடங்கியது. அதில் எந்த மந்திரமும் இல்லை. வீடியோவைப் பார்க்கிற யாரோ ஒருவர், அனுசரணைப் பேச்சு எந்த வினாடியில் தொடங்கி எந்த வினாடியில் முடிகிறது என்று குறித்து அனுப்புகிறார். மற்றவர்கள் அது சரியா பிழையா என்று வாக்களிக்கிறார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தத் துண்டு தானாகத் தாண்டிப் போகிறது. எல்லாம் சம்பளமில்லாத பொதுவேலை. ஆங்கில வீடியோக்களுக்குக் குறிப்பவர்கள் ஏராளம். நம் ஊர் வீடியோவுக்கு நம்மில் ஒருவர் குறித்தால்தான் உண்டு.

நான் இதை ஆதரிக்கிறேன். காரணம் சொல்கிறேன். யூடியூப் ஓட்டும் விளம்பரம் வெளியாள் என்று முகத்திலேயே தெரியும். அனுசரணைப் பேச்சு நமக்குப் பழகிய குரலில் வருகிறது. ஒரு சமையல் வீடியோ பார்த்தேன். கணவாய்க் கறி அடுப்பில் கொதிக்கிறது. தங்கச்சி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, அதே சிரிப்போடு, “அவசரமாகக் காசு தேவையா? பிணையாள் வேண்டாம், இந்த ஆப்பை டவுன்லோட் பண்ணுங்க, பத்து நிமிசத்தில அக்கவுண்டுக்கு வந்திடும்” என்கிறார். வட்டி எவ்வளவு என்ற பேச்சே இல்லை. நுண்கடன் இந்த மாவட்டத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியாயிற்று! வாரக் கட்டணம் வாங்க வருகிறவனுக்குப் பயந்து வளவுக்குள் ஒளிந்த தாய்மார் இருக்கிற ஊர் இது. அதே கடன் இப்போது கணவாய்க் கறிக்கு நடுவில், அக்கா தங்கச்சி குரலில் வருகிறது. அந்தத் துண்டைத் தாண்டுகிற மென்பொருள் நம் வீடுகளில் இருப்பது நல்லது.

வெளிநாட்டு வேலை விளம்பரமும் அப்படித்தான். யாராவது ஒரு வீடியோக்காரர் ‘நம்பிக்கையான ஏஜென்சி’ என்று சொன்னால் பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

அனுசரணையே கூடாது என்கிறேனா? இல்லவே இல்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. கொழும்பிலிருந்து இந்தியா முழுவதும் கேட்ட இந்திப் பாட்டு நிகழ்ச்சியான ‘பினாகா கீத்மாலா’ 1952இல் வந்தது. பினாகா என்பது பற்பசை. நிகழ்ச்சியின் பெயரிலேயே காசு கொடுத்தவன் பெயர் இருக்கிறது! யார் செலவில் இந்தப் பாட்டு வருகிறது என்று கேட்டவர் எல்லோருக்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை. நம் தமிழ்ச் சேவையின் அறிவிப்பாளர்களும் விளம்பரத்தை விளம்பரமாகவே வாசித்தார்கள். அந்தக் குரல்களை மீன் வாடியிலும் படகிலும் வயல் வரம்பிலும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, விளம்பரம் என்பது ரசிக்கக்கூடியதும்தான் என்று தெரியும். இன்றைக்கும் பணம் பெற்ற விளம்பரம் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று யூடியூப்பில் விதி இருக்கிறது. ஒரு பெட்டியில் சரி போட்டால் வீடியோ தொடங்கும்போதே அந்தக் குறிப்பு திரையில் வரும். நம் பக்கத்தில் அதைச் செய்கிறவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. செய்கிறவர் இருந்தால், அவருடைய அனுசரணைப் பகுதியை உட்கார்ந்து பாருங்கள். ஸ்பொன்சர்பிளாக்கில் ஒரு சனலுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது. மகனுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு விசயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. ஏழை வீட்டுக்குள் கமராவோடு போய், ஓலைக் கூரையைக் காட்டி, அழுகிற அம்மாவின் முகத்துக்குக் கிட்டப் போய், அரிசி மூட்டை கொடுக்கிற வீடியோக்கள். அந்த அம்மாவின் கண்ணீருக்கு நடுவிலும் விளம்பரம் ஓடுகிறது. அந்த வருமானம் யாருக்கு? கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்க்கிறவர்களால் விளம்பர விலை கூடும் என்று தெரிந்தே இந்த வீடியோக்கள் எடுக்கப்படுகின்றன. பிள்ளைகளின் முகத்தைக்கூட மறைப்பதில்லை. அந்த வீடியோக்களுக்குத் தடுப்பான் போதாது, பார்ப்பதையே நிறுத்துங்கள். உதவி செய்ய நினைப்பவர்கள் அந்தக் கிராமத்துப் பாடசாலை அதிபரிடமோ மாதர் சங்கத்திடமோ நேரே பேசலாம்.

மகனுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இரண்டு விசயம். ஒன்று, வட்ஸ்அப்பில் வருகிற ‘விளம்பரமில்லாத யூடியூப்’ என்ற செயலியைப் போனில் ஏற்ற வேண்டாம். வான்ஸ்ட் என்று பெயர்பெற்ற செயலி கூகிளின் சட்ட நெருக்குதலால் 2022இல் நிறுத்தப்பட்டது. அதன் பெயரில் போலிகள் உலாவுகின்றன. ஜிமெயில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் பிறகு அழ வேண்டியிருக்கும். போனில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை ஏற்றி, அதில் யூபிளாக் ஒரிஜின் என்ற தடுப்பானைப் போடுவதே பாதுகாப்பு. கூகிளின் குரோம் பிரவுசரில் 2024இலிருந்து படிப்படியாக அந்த யூபிளாக் ஒரிஜினுக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். விளம்பரத்தால் வாழ்கிற கொம்பனியே பிரவுசரையும் வைத்திருந்தால் அப்படித்தான் நடக்கும். யூபிளாக்கை எழுதிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை, ரீச்சர். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, தடுத்ததால் மிச்சமாகிற டேட்டாக் காசில் ஒரு பங்கை, தனக்குப் பிடித்த ஒருவருக்கு மகன் நேரே அனுப்பட்டும். சனலில் உறுப்பினராகச் சேர்ந்தால் 70 வீதம் அவருக்குப் போகும். வங்கிக் கணக்குக்குப் போட்டால் முழுவதும் போகும். அந்தக் கூத்து வீடியோவைப் போட்ட தம்பிக்கு நானும் எழுதியிருக்கிறேன்: அண்ணாவியாரின் பெயர், ஆடியவர்களின் பெயர், ஊர், அண்ணாவியாரின் கணக்கு இலக்கம் நான்கையும் வீடியோவுக்குக் கீழே போடச் சொல்லி.

கூத்து என்றதும் பழைய சண்டை ஞாபகம் வந்துவிட்டது. களரியில் ஆட்டத்தை நிறுத்தி ‘இன்னார் ஐயாயிரம் ரூபாய் அன்பளிப்பு’ என்று ஒலிபெருக்கியில் கூவுவதைக் கண்டித்து இந்தப் பக்கத்தில் எழுதியதற்கு ஒரு கோயில் நிர்வாகத்தினர் இன்னமும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை, திரும்பவும் சொல்கிறேன். கொடுத்தவர்களின் பெயர் கட்டாயம் வாசிக்கப்பட வேண்டும், அவர்கள் இல்லாமல் கூத்து இல்லை. ஆனால் அதைக் கூத்துத் தொடங்குமுன் ஒரு தடவையும், விடிந்து மங்களம் பாடிய பிறகு ஒரு தடவையும் வாசியுங்கள். அபிமன்யு வியூகத்துக்குள் நிற்கும்போது மைக்கைத் தொடாதீர்கள்.