தலைவலியை மறைக்கச் சொன்ன தகப்பனாருக்கு

கேள்வி: என் மகனுக்கு வயது 19. 75 கிலோ எடைப் பிரிவில் குத்துச்சண்டை போடுகிறான். மாவட்ட அளவில் தங்கம் வாங்கியிருக்கிறான். சோவியத் வீரர் வியாச்செஸ்லாவ் லெமெஷெவைக் காட்டித்தான் அவனை வளர்த்தேன். 20 வயதில் ஒலிம்பிக் தங்கம், அதுவும் நாக்-அவுட்டில்! பி.காம். படிப்பை இரண்டு வருடம் நிறுத்திவிட்டு அவன் முழு நேரமும் பயிற்சி எடுக்கட்டும் என்பது என் எண்ணம். மனைவி பிடிவாதமாகச் சம்மதிக்க மறுக்கிறாள். பையன் கடும் உழைப்பாளி. பயிற்சி முடிந்து சில நாள் தலைவலியோடு வந்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்துவிட்டு, விடிவதற்குள் ஓடப் போய்விடுவான். தேர்வுப் போட்டி நெருங்குவதால் கோச்சிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். படிப்பை நிறுத்துவது சரியா, தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: படிப்பா, விளையாட்டா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம். அவற்றுக்கு வழக்கமாகச் சொல்லும் பதிலை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பிள்ளையின் உழைப்பைப் பாராட்டுகிற சாக்கில் நீங்கள் எழுதிவிட்டுத் தாண்டிப்போன தலைவலியைப் படித்த பிறகு, கல்லூரியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. 19 வயதுப் பையன் தலையில் அடி வாங்கிவிட்டு வலியோடு வீட்டுக்கு வருகிறான். பெற்ற தகப்பன் மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திறக்காதே என்கிறார். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். இதற்கு உழைப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

லெமெஷெவைச் சொன்னீர்கள், அவரையே எடுத்துக்கொள்வோம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. அரையிறுதியில் அவர் நடுவரால் நிறுத்தப்படும் அளவுக்கு அடித்து வீழ்த்திய அமெரிக்கர் மார்வின் ஜான்சன், பிற்காலத்தில் தொழில்முறைக் குத்துச்சண்டையில் மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர் என்பதை நினைத்துப் பாருங்கள். இறுதிப் போட்டியில் பின்லாந்தின் ரெய்மா விர்தானென் முதல் சுற்றையே தாண்டவில்லை. லெவ் செகலோவிச் என்ற பயிற்சியாளரின் கையில் வளர்ந்த அந்தப் பையனின் முறை பார்க்க எளிமையானது: எதிராளி அடிக்க முன்னே வரும்வரை காத்திருந்து, அரை அடி பின்வாங்கி, வருகிறவரின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு வலது கையை இறக்குவது. எதிர்கொண்டு அடிக்கும் அந்தக் குத்துக்கு வலிமையைவிட நேரம் முக்கியம். அந்த நேரம் ஒரு இமைப்பொழுது தவறினாலும் அதே குத்து நம் தாடையில் வந்து விழும். உங்கள் மகன் பார்க்கிற காணொளிகளில் விழுகிறவர்கள் எல்லாரும் மற்றவர்கள் என்பதால் இது அவன் கண்ணில் படாது. உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அவருடைய கதையை 1972-லேயே நிறுத்திவிட்டீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள். 1973-ல் பெல்கிரேடிலும் 1975-ல் கத்தோவித்சேவிலும் ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்றார். அடிக்கடி உடைந்த கைகளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்குக்குச் சோவியத் அணியின் மிடில்வெயிட் (75 கிலோ) வீரராகப் போனவர் அவர் இல்லை; ஏற்கெனவே 1974-ல் ஹவானாவில் உலக சாம்பியன் ஆகியிருந்த ருஃபத் ரிஸ்கியெவ் போய், மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். 24 வயதில், உங்கள் மகனைவிட ஐந்தே வயது மூத்தவராக இருந்தபோது, லெமெஷெவின் பெரிய நாட்கள் முடிந்துவிட்டன. பிறகு கிழக்கு ஜெர்மனியில் இருந்த சோவியத் படைகளிடையே பயிற்சியாளராக இருந்தார். அதற்குப் பிறகு நோய். மூளை பாதிக்கப்பட்டு, உடல் தளர்ந்து, மாற்றுத்திறனாளியாகவே கடைசிக் காலத்தைக் கழித்தார். 1996 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 43. எல்லாவற்றுக்கும் தலையில் விழுந்த அடி ஒன்றே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன், ஒரு மனிதனின் உடல் கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. ஆனால் முன்மாதிரி என்று ஒருவரைப் பிள்ளைக்குக் காட்டுகிற தகப்பன், பதக்கம் வாங்கிய படத்தை மட்டும் காட்டிவிட்டு மருத்துவமனைப் படுக்கையை மறைப்பது நேர்மையான காரியம் அல்ல. அந்த மறைப்புக்கும் கோச்சிடம் நீங்கள் மறைத்ததற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

தலைவலி என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தலையில் பலமான குத்து விழும்போது மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளை குலுங்கித் திருகுகிறது. அதிர்ச்சி தெளிவதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகும். அதற்குள் இன்னொரு அடி விழுந்தால் அது முதல் அடியைவிடச் சிறியதாக இருந்தாலும் சேதம் பெரிதாகலாம், இளம் வயதினரில் உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஓய்வு கொடு என்று உடம்பு கேட்கிற வழிகளில் ஒன்று அந்த வலி. நீங்கள் கொடுக்கும் மாத்திரை வலியை அடக்குமே தவிர மூளையைத் தெளிவிக்காது. மறுநாள் காலையில் அவன் நன்றாக ஓடுகிறான் என்பதும் எதற்கும் சான்று இல்லை. ஹெட்கார்டு என்ற தலைக்கவசம் போடுகிறானே என்று நீங்கள் சொல்லக்கூடும். லெமெஷெவ் காலத்துப் போட்டிகளில் அது கிடையாது. ஒலிம்பிக்கில் 1984-ல் வந்தது, 2016 ரியோவில் ஆண்களுக்கு எடுத்தே விட்டார்கள். தோல் கிழியாமலும் புருவம் பிளக்காமலும் அது காக்கும்; உள்ளே நடக்கும் குலுக்கலைத் தடுப்பதில்லை. மேலும், போட்டியில் வாங்குகிற அடியைவிடப் பயிற்சிக்கூடத்தில் மாதக்கணக்கில் ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டை போட்டு வாங்குகிற அடிதான் அதிகம். நாக்-அவுட் ஆன அமெச்சூர் வீரரைக் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏற்றக் கூடாது என்று விதி வைத்தவர்கள் பயந்தாங்கொள்ளிகள் அல்லர். அந்த விதியைக் கைக்கொள்ள வேண்டுமானால் நடந்தது என்ன என்று பயிற்சியாளருக்குத் தெரிய வேண்டும், அதைத்தான் நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

சோவியத் நாட்டிலிருந்துதான் முன்மாதிரி வேண்டும் என்றால் போரிஸ் லகூத்தினைக் காட்டியிருக்கலாமே. 1960 ரோமில் வெண்கலம், 1964 டோக்கியோவில் தங்கம், 1968 மெக்சிகோ நகரத்தில் மறுபடியும் தங்கம். 240-க்கும் மேற்பட்ட சண்டைகளில் தோற்றது 11 மட்டுமே. அடிப்பதைவிட அடி வாங்காமல் இருப்பதைப் பெரிய வித்தையாக நினைத்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவர். 2022 வரை வாழ்ந்து 84 வயதில் காலமானார். அவருடைய சண்டைகளைப் பார்த்தால் கைதட்டல் குறைவாகத்தான் கேட்கும், யாரும் அவ்வளவு சீக்கிரம் விழ மாட்டார்கள். அதனால்தான் உங்கள் மகனுக்கு அவர் பெயர் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். (படிப்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் அவரிடம் பாதிப் பதில் இருக்கிறது, ஆனால் அது இன்றைய விஷயம் இல்லை.)

எனக்கு இதில் ஒரு உறுதியான எண்ணம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ரிங்கில் நிற்கிற பையனுக்கு நிறுத்து என்று சொல்லத் தெரியாது, தெரியவும் கூடாது; அவன் வயதும் ரத்தமும் அப்படி. அவனுக்காக அதைச் சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள்: நடுவர், பயிற்சியாளர், வீட்டில் இருக்கும் பெற்றோர். நடுவருக்கு அன்றைய சண்டை மட்டுமே தெரியும். பயிற்சியாளரின் வாயை நீங்களே கட்டிவிட்டீர்கள். மூன்றாவது இடத்தில் உங்கள் மனைவி தனியாக நின்று போராடிக்கொண்டிருக்கிறார், அதற்கு நீங்கள் வைத்த பெயர் பிடிவாதம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு ரயில்வே வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள், இடம் கருதி அதை மேலே சேர்க்கவில்லை. அந்த ஆசையில் குற்றம் இல்லை. ஆனால் குடும்பத்தை நிமிர்த்துகிற பொறுப்பு முதலில் உங்களுடையது. பெற்ற பிள்ளையின் தலையை ஈடு வைத்து அதை நிறைவேற்றும் உரிமை எந்தத் தகப்பனுக்கும் கிடையாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே மகனை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை நாளாக வலி, வாந்தி உண்டா, வெளிச்சம் கூசுகிறதா, மறதி இருக்கிறதா என்று அவர் கேட்கும்போது அவனையே பேச விடுங்கள், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். பயிற்சியாளரை நேரில் பார்த்து, மறைக்கச் சொன்னது நான்தான், பையன் இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங் கூடாது. அதனால் தேர்வுப் போட்டி கைநழுவினால் நழுவட்டும், அடுத்த ஆண்டும் அது வரும். மகன் கோபப்படுவான், சில நாள் உங்களோடு பேசாமலும் இருப்பான், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். இதற்கிடையில் தாங்க முடியாத தலைவலியோ, நிற்காத வாந்தியோ, பேச்சில் குழறலோ வந்தால் நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

கல்லூரியை நிறுத்தலாமா என்ற கேள்வியை மருத்துவரின் அறிக்கை வந்த பிறகு எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் உங்கள் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.