மழையே இல்லை, மாயாறு மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: தெங்குமரஹாடாவில் என் அக்கா வீடு இருக்கிறது. போன சித்திரையில் காலையில் முழங்கால் தண்ணீரில் மாயாற்றைக் கடந்து போனோம். சாயங்காலம் திரும்பினால் பரிசல் இல்லாமல் இறங்கவே முடியவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு தூறல்கூட இல்லை. எப்படி?
– ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை, மின்நிலையத்திலிருந்து வந்தது. நீலகிரியில் முக்கூர்த்தி பக்கம் பிறந்து பைக்காராவாக ஓடி, மலையை விட்டு இறங்கியதும் மாயாறு என்று பேர் மாறும் ஆறு இது. 1930களின் தொடக்கத்திலிருந்தே இதை மின்சாரத்துக்காகத் திருப்பிவிட்டிருக்கிறோம். பைக்காரா அணைத் தண்ணீர் கிளன்மார்கன் போய், ராட்சதக் குழாய்களில் 900 மீட்டருக்கு மேல் இறங்கி சிங்காரா மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது, அங்கிருந்து மரவகண்டி அணை, அப்புறம் 1952-ல் ஓடத் தொடங்கிய மாயாறு மின்நிலையம், அதற்குப் பிறகுதான் மறுபடி ஆற்றில் விழுகிறது. ஊரெல்லாம் விளக்கும் மின்விசிறியும் போடும் நேரத்தில் மின்தேவை ஏறும், டர்பைன் ஓடும், தண்ணீர் வரும். தேவை குறைந்தால் மூடிவிடுவார்கள், ஆறு இறங்கிவிடும். ஆக, மழையைப் பார்த்து ஏறி இறங்கிய ஆறு இப்போது கரண்ட் தேவையைப் பார்த்து ஏறி இறங்குகிறது.

நமக்காவது பரிசல் இருக்கிறது. ஆற்றுக்குள் இருப்பவற்றுக்கு? இரண்டு வருடம் முன்பு அதே கரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பாறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு, அதற்குக் கீழே பாசியெல்லாம் காய்ந்து அப்பளம் மாதிரி உரிந்து நின்றது, நத்தைகள் ஒட்டியபடியே செத்திருந்தன. பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழி. தண்ணீர் இறங்கும்போது அதில் மாட்டிக்கொண்ட பத்துப் பதினைந்து மீன்குஞ்சுகள், கை வைத்தால் சுடுகிற தண்ணீரில், வாயை மேலே தூக்கித் தூக்கி மூச்சுக்குத் தவித்தன. அள்ளி ஆற்றில் விட்டேன். ஆனால் அந்த மாதிரிக் குழி கரை நெடுக இருந்தது.

கேள்வி: அணை வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளம் வராமல் இருப்பது நல்லதுதானே?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: வீட்டுக்கு நல்லது, ஆற்றுக்கு இல்லை. புதுத்தண்ணீர் வந்தால் மீன் ஏறும் என்று கிராமத்தில் சொல்வார்கள் இல்லையா, அந்தப் புதுத்தண்ணீர்தான் மீனுக்கு முட்டையிடக் கிளம்பச் சொல்லும் சேதி. அதை மேலேயே நிறுத்திவிட்டு, கோடையில் திடீரென்று திறந்துவிட்டால் மீனுக்கு என்ன புரியும்? மாயாற்றில் முதுகு மேடேறிய மஹ்சீர் கெண்டை ஒன்று இருக்கிறது, ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரும், உலகத்திலேயே காவிரிப் படுகையில் மட்டும்தான் உண்டு. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று 2018-ல் அறிவித்துவிட்டார்கள். மணல் அள்ளுவது, வெடி வைத்து மீன் பிடிப்பது என்று வேறு காரணங்களும் உண்டு, அணையை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 1955-ல் பவானிசாகர் அணை முடிந்த பிறகு கீழேயிருந்து மாயாற்றுக்கு ஏறிவரும் வழியே அடைபட்டுவிட்டது.

வெள்ளம் மணலும் வண்டலும் கொண்டுவரும், அதையும் அணை பிடித்துக்கொள்கிறது. குந்தா பக்கம் சரிவுகளில் கேரட்டும் உருளையும் போட்டுக் கரைந்த மண் பவானி ஆற்றின் பில்லூர் அணையில் போய் நிரம்புகிறது, அணைக்கு மேலே சேறு, கீழே வெறும் பாறை. மாயாற்றின் கரையில் நிற்கும் நீர்மருது மரங்களில்தான் வெண்முதுகுப் பாறு கழுகுகள் பெரும்பாலும் கூடு கட்டுகின்றன. அந்த மரம் ஈரக்கரையில்தான் நன்றாகச் செழிக்கும். மீனில் ஆரம்பித்த பேச்சு பாறு வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள், ஆற்றோடு அவ்வளவு பேர் பிழைக்கிறார்கள்.

கேள்வி: அப்படியென்றால் அணையை இடிக்கச் சொல்கிறீர்களா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இல்லை. கோயம்புத்தூர் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு பில்லூரிலிருந்து போகிறது, அதை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது. நான் கேட்பது மூன்றுதான்: ஒரு நாளும் ஆற்றை முழுசாக மூடாதீர்கள், திறக்கும்போதும் மூடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், ஆடி மழையில் ஒரு தடவையாவது நல்ல வெள்ளம் போக விடுங்கள். இதனால் கொஞ்சம் மின்சாரம் குறையும், அல்லது விலை கூடிய நேரத்தில் விற்க முடியாமல் போகும். அந்த நஷ்டத்தைத் தாங்கலாம் என்பது என் கருத்து.

முதல் கேள்வி கேட்ட வாசகிக்கு இன்னும் ஒன்று. அடுத்த முறை இறங்குவதற்கு முன் பரிசல்காரரைக் கேளுங்கள், தண்ணீர் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். நடு ஆற்றில் இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் நுரையும் மிதந்து வர ஆரம்பித்தாலோ, பையை விட்டுவிட்டாவது பக்கத்தில் இருக்கும் கரைக்கு ஏறிவிடுங்கள்.