இரண்டு கார் சீட், மூன்று வரிசை: பின்னால் ஏற வழி உண்டா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மூத்த மகளுக்கு 5 வயது, இளையவனுக்கு ஒன்றரை. அத்தையும் மாமாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். ஆறு பேரும் சேர்ந்து போக மூன்று வரிசை எஸ்யூவி பார்க்கிறோம். ஷோரூமில் லிவரை இழுத்ததும் நடு சீட் மடங்கிக் கவிழ்ந்து நல்ல வழி விட்டது. கொள்ளாமே என்று நினைத்தோம். ஆனால் இதே வண்டி வைத்திருக்கும் என் நாத்தனார், பிள்ளைகளுக்கான இரண்டு கார் சீட்டையும் மாட்டிவிட்டால் பின்னால் யாரும் கேற முடியாது என்கிறார். பெஞ்ச் சீட் எடுக்கவா, கேப்டன் சீட் எடுக்கவா?

பதில்: கேப்டன் சீட் எடுங்கள், அதாவது நடு வரிசையில் ஒரே நீள பெஞ்சுக்குப் பதில் தனித்தனியாக இரண்டு நாற்காலி உள்ள வண்டி. விலை கொஞ்சம் கூடினாலும், ஒரு ஆள் உட்காரும் இடம் குறைந்தாலும், உங்கள் வீட்டுக்கு அதுதான் சரி.

உங்கள் நாத்தனார் சொல்வது முழு உண்மை. ஷோரூமில் உங்களுக்குக் காட்டியது வெறும் சீட். குழந்தை சீட்டை மாட்ட உதவும் ஐசோஃபிக்ஸ் கம்பிகள், சீட்டின் முதுகும் அடிப்பாகமும் சேரும் இடுக்கில், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டாக இருக்கும். இங்கே விற்கும் மூன்று வரிசை வண்டிகளில் பெரும்பாலும் நடு வரிசையின் இரண்டு ஓரத்திலும்தான் அவை உண்டு. மூன்றாம் வரிசைக்குப் போகும் வழியும் அதே இரண்டு ஓரம்தான். அங்கே கார் சீட்டைப் பூட்டிவிட்டால் முதுகு மடங்காது. மடங்காத சீட் கவிழவும் கவிழாது. வழி அடைபட்டுப் போகும். ஒவ்வொரு முறையும் கார் சீட்டைக் கழற்றி மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு வாரம் செய்வோம், அப்புறம் சரியாகப் பூட்டாமலே குழந்தையை உட்கார வைத்துவிடுவோம். அந்த யோசனையே வேண்டாம்.

கேப்டன் சீட் வண்டியில் இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. எதையும் மடக்காமல் அதன் வழியே பின்னால் போய்விடலாம். ஆனால் கேப்டன் சீட் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். 2021-ல் வந்த ஹூண்டாய் அல்கசாரின் 6 சீட் வண்டியில் நடுவில் ஒரு கன்சோல் பெட்டியே உட்கார்ந்திருந்தது. 2024-ல் வந்த புதுப்பித்த வண்டியில்தான் அதை எடுத்தார்கள். பழைய வண்டி பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீட் எண்ணிக்கையும் குழப்பும். கேரன்ஸ், சஃபாரி, அல்கசார் போன்றவற்றில் 7 சீட் என்றால் நடுவில் பெஞ்ச், 6 சீட் என்றால் கேப்டன். இன்னோவாவில் 7 சீட்டிலேயே கேப்டன் வந்துவிடும், 8 சீட்தான் பெஞ்ச். மாருதியில் எர்டிகா பெஞ்ச், எக்ஸ்எல்6 கேப்டன். கேரன்ஸின் மேல்நிலை வண்டிகளில் பட்டனை அழுத்தினால் நடு சீட் தானாகக் கவிழும் வசதி உண்டு. நல்ல வசதிதான், ஆனால் அதன்மேல் கார் சீட் பூட்டியிருந்தால் அந்தப் பட்டனுக்கும் வேலை இல்லை.

இனி யார் எங்கே உட்காருவது. மாமா முன்னால். நடு வரிசையில் வலது பக்கம் இளையவனின் கார் சீட், இடது பக்கம் அத்தை. மூன்றாம் வரிசையில் நீங்களும் மகளும். 5 வயதுப் பிள்ளைக்கு எடை 15 கிலோவைத் தாண்டியிருந்தால், முதுகு உள்ள பூஸ்டர் சீட்டில் வண்டியின் பெல்ட்டையே போட்டு உட்கார வைக்கலாம். அதற்கு ஐசோஃபிக்ஸ் கட்டாயமில்லை. ஆனால் மூன்றாம் வரிசையில் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து வரும் மூன்று முனை பெல்ட் இருக்க வேண்டும், பூஸ்டரின் தலைப்பகுதி கூரையில் முட்டக் கூடாது. பூஸ்டரை வைத்த பிறகு பெல்ட் மாட்டும் கொளுவி அதன் அடியில் போய் ஒளிந்துகொள்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் இங்கேதான் சிக்கல் வரும். மகள் வராத நாளில் பூஸ்டரையும் பெல்ட் போட்டே வையுங்கள்; இல்லாவிட்டால் சடன் பிரேக்கில் அது முன்னால் பறந்து வரும்.

இளையவன் மூன்றாம் வரிசைக்குப் போகவே வேண்டாம். அங்கே முதுகுக்கும் டிக்கி கதவுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு, பின்னாலிருந்து இடித்தால் தாங்க ஒன்றுமில்லை. மகளையும் தேவைப்படும் பயணத்துக்கு மட்டும் அங்கே உட்கார வையுங்கள். நீங்கள் நாலு பேராகப் போகும் நாளில் இரண்டு பிள்ளைகளும் நடு வரிசையில் இருக்கட்டும், பின் வரிசையை மடக்கிப் போடுங்கள்.

வலது பக்கம் இளையவன் என்றால் ரோட்டுப் பக்கம் நின்று அவனைத் தூக்கி வைக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான பயம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே ஒதுங்கி நிற்க ஓரமே இல்லாத இடங்களில், கதவைத் திறந்தால் பஸ் உரசிக்கொண்டு போகிறது. அதனால்தான் கேப்டன் சீட் என்கிறேன். இடது கதவு வழியாக வண்டிக்குள் ஏறி, நடுச் சந்தில் நின்றுகொண்டே குழந்தையை அவன் சீட்டில் வைத்து வாரை மாட்டிவிடலாம். வலது பின் கதவுக்கு சைல்டு லாக் போட்டுவிடுங்கள், அவசரத்தில் உள்ளேயிருந்து அந்தப் பக்கம் யாரும் திறக்க மாட்டார்கள். ஏறும் வரிசை: முதலில் இளையவனை வைப்பது, அப்புறம் மகளும் நீங்களும் பின்னால், கடைசியில் அத்தை. இறங்கும்போது அத்தை முதலில். அவர் இறங்கி நின்றால் போதும், சீட்டை யாரும் தொட வேண்டியதில்லை.

ஒன்றரை வயதுக் குழந்தையின் சீட் பின்னோக்கிப் பார்க்கும்படி இருந்தால் இன்னும் நல்லது. ஐரோப்பாவின் புதிய ஆர்129 விதி 15 மாதம் வரை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது; அதன் பிறகும் சீட்டில் எழுதியிருக்கும் உயரம், எடை வரம்பு வரை அப்படியே போகலாம். ஆனால் பின்னோக்கிய சீட் சாய்ந்து நிற்கும், டிரைவர் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டி வரும். உங்கள் வீட்டுக்காரர் உயரமானவர் என்றால், அவர் ஸ்டியரிங்கில் கால் இடிக்காமல் உட்கார முடிகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது இரண்டு கார் சீட்டையும், அத்தையையும், ஒரு டேப்பையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பனையாளரைக் கை வைக்க விடாமல் நீங்களே மாட்டுங்கள். கார் சீட்டின் பக்கவாட்டுக் காதுகள் சந்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்; மிச்சம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பிறகு இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போய் வாருங்கள். முட்டி எங்கே இடிக்கிறது, புடவை எந்தக் கொக்கியில் மாட்டுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அத்தைக்கு முட்டி வலி உண்டென்றால் படி உயரத்தையும் பாருங்கள். ஸ்கார்பியோ-என், ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா மாதிரி லேடர் ஃபிரேமில், அதாவது லாரி போல ஏணி வடிவ இரும்பு அடித்தளத்தின் மேல், வரும் வண்டிகளின் தரை உயரமாக இருக்கும், சைடு ஸ்டெப் இல்லாமல் வயதானவர்கள் ஏறுவது பெரும்பாடு.

முடிந்தால் டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டு முற்றத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நம் விளவங்கோடு பக்கத்து ஊர் வழிகளில் ஒரு பக்கம் செம்மண் வெட்டிய திட்டு, மறு பக்கம் காம்பவுண்ட் சுவர். பின் கதவு பாதிதான் திறக்கும். பாதி திறந்த கதவில் மூன்றாம் வரிசைக்கு ஏற முடியவில்லை என்றால், அந்த வண்டி மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் உங்கள் வீட்டு வாசலுக்கு ஒத்துவராது.

கேள்வி: நாங்கள் போன வருடமே 7 சீட் பெஞ்ச் வண்டி வாங்கிவிட்டோம். இரண்டு ஓரத்திலும் கார் சீட். அண்ணன் மகனுக்கு 10 வயது. அவன் டிக்கி வழியாகக் குதித்துத்தான் பின்னால் போகிறான். வண்டியை மாற்றாமல் வழி உண்டா? (தக்கலை)

பதில்: பெரும்பாலும் உண்டு. பெஞ்ச் 60:40 என்று இரண்டாகப் பிரியும். உங்கள் வண்டியில் சின்னப் பகுதி இடது பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு கார் சீட்டை வலது ஓரத்திலும் இன்னொன்றை நடுவிலும் வைத்துவிட்டால் இடது பகுதி சும்மா கிடக்கும், வழக்கம்போலக் கவிழ்த்து ஏறலாம். நடுவில் ஐசோஃபிக்ஸ் இருக்காது என்பதால், பெல்ட்டால் கட்டும் வகைக் கார் சீட்டைத்தான் அங்கே வைக்க முடியும். நடுவில் மூன்று முனை பெல்ட் உண்டா, அந்த இடத்தில் கார் சீட் வைக்க வண்டியின் கையேடு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று நெருக்காமல், இரண்டு பெல்ட்டும் இறுக்கமாக விழ வேண்டும். பிடித்து ஆட்டிப் பார்க்கும்போது ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. அப்படி உட்காரவில்லை என்றால், மூத்த குழந்தைக்கு பூஸ்டர் வயது வந்ததும் அதைப் பின் வரிசைக்கு மாற்றுங்கள்.

சில வண்டிகளில் நடு சீட் மடங்காமல், சாய்ந்தபடியே முன்னால் வழுக்கிப் போகும். காலியான கார் சீட் மாட்டியிருக்கும்போதே இப்படி நகர்த்தலாம் என்று அமெரிக்காவில் விற்கும் நிசான் பாத்ஃபைண்டருக்கு அந்த நிறுவனமே சொல்கிறது. உங்கள் வண்டிக்கு அப்படி அனுமதி இருக்கிறதா என்று கையேட்டில் பார்க்காமல் செய்யாதீர்கள். குழந்தை உட்கார்ந்திருக்கும்போது கூடவே கூடாது. தரையில் ஊன்றும் கால் உள்ள கார் சீட் என்றால், சீட்டை நகர்த்தியதும் கால் ஊன்றிய இடம் மாறிவிடும், பிடிமானமே போய்விடும்.

டிக்கி வழியை முற்றத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரத்தில் வண்டிக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை, வருகிற வண்டிக்கு முதல் இலக்கு. பல வண்டிகளில் டிக்கியை உள்ளேயிருந்து திறக்கவும் வழியில்லை. ஆபத்து நேரத்தில் நடு சீட்டை எந்தப் பட்டையை இழுத்துக் கவிழ்ப்பது என்று அந்தப் பையனுக்கு ஒருநாள் உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: பெஞ்ச் சீட்டை எடுத்துவிட்டு வெளியே ஒரு கடையில் கேப்டன் சீட் போட்டுத் தருகிறார்கள். செய்யலாமா? (நாகர்கோவில்)

பதில்: செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி ஆர்சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 7 சீட் 6 ஆகிவிட்டால் ஆர்சி-க்கும் வண்டிக்கும் ஒத்துப்போகாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகராறு செய்ய அது போதும். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு: நிறுவனம் சோதித்துப் பொருத்திய சீட்டில் ஐசோஃபிக்ஸ் கம்பி இரும்பு ஃபிரேமோடு சேர்ந்திருக்கும். கடையில் போடும் நாற்காலி எந்த போல்ட்டில் நிற்கிறதோ, அந்த போல்ட்டை நம்பித்தான் உங்கள் குழந்தை உட்காரும்.

கேள்வி: பழைய எஸ்யூவி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. பின்னால் எதிரெதிராக உட்காரும் சீட். 6 வயது மகனை அங்கே கார் சீட்டில் வைக்கலாமா? (குளச்சல்)

பதில்: கூடாது. பக்கவாட்டில் பார்க்கும் சீட்டில் எந்தக் கார் சீட்டையும், பூஸ்டரையும் வைக்க முடியாது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ கார் சீட்டோ இல்லாமல் போனால், சட்டத்தின் 194பி பிரிவில் ஓட்டுபவருக்கு 1000 ரூபாய் அபராதமும் உண்டு. மகன் நடு வரிசையில் உட்காரட்டும். அங்கே இடம் போதாது என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: மூன்றாம் வரிசையிலும் ஐசோஃபிக்ஸ் உண்டு என்று சொல்லி 25,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். பிறகு கையேட்டைப் பார்த்தால் இல்லை. புக்கிங்கை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்கிறார்கள். என்ன செய்வது? (கருங்கல்)

பதில்: வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள். விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ரசீது, புக்கிங் படிவம், கையேட்டின் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, என்ன சொல்லி விற்றார்கள், உண்மை என்ன என்று ஷோரூம் மேலாளருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். இல்லாத வசதியை உண்டு என்று சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் முறையற்ற வணிகம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வண்டியை டெலிவரி எடுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். எடுத்துப் பதிவும் ஆகிவிட்டால் முன்பணத்தோடு நிற்காது, வண்டி விலைக்கே வாதாட வேண்டி வரும்.