சம்பளம் எந்தக் கிராண்டிலிருந்து வருகிறது?

கேள்வி: ஐந்து ஆண்டுகள் தனியார் நிறுவனம் ஒன்றில் எச்.ஆர். வேலை பார்த்தேன். அடுத்த மாதம், காலநிலை மாற்றம் தொடர்பாக இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எச்.ஆர்., ஆபரேஷன்ஸ் இரண்டுக்கும் பொறுப்பாளராகச் சேர்கிறேன். மொத்தம் 18 பேர். இதுவரை இந்தப் பொறுப்புக்கென்று ஆளே இல்லையாம். "நீங்கள் வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துங்கள்" என்கிறார் இயக்குநர். அங்கே எல்லாரும் ஆராய்ச்சியாளர்கள், களப்பணியாளர்கள். எனக்குக் காலநிலை அறிவியல் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வாழ்த்துகள். அறிவியல் தெரியாதது பெரிய குறையில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன். "எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துங்கள்" என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது. அதற்குத் தலையாட்டிவிட்டுப் போனால், பிரிண்டர் பழுது முதல் ஆடிட்டர் கேட்ட வவுச்சர் வரை முதல் வாரமே உங்கள் தலையில் விழும். சேருவதற்கு முன்பே இயக்குநரிடம் கேளுங்கள்: "ஆறு மாதத்துக்குள் எந்த மூன்று விஷயங்கள் சரியாக வேண்டும்?" பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்ததும் ஊழியர் கையேடு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். கம்பெனி வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஆசை வரும். அது மூன்றாவது மாதம் வரை காத்திருக்கலாம். நீங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது சம்பளப் பட்டியலை.

பழைய நிறுவனத்தில் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் யோசித்திருக்கவே மாட்டீர்கள். இங்கே யோசித்தே ஆக வேண்டும். நிதி தருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தருவார்கள். அந்த நிதிதான் கிராண்ட். ஒரே ஆளின் சம்பளத்தில் 60 சதவீதம் ஒரு கிராண்டிலும் மீதி 40 இன்னொன்றிலும் எழுதப்பட்டிருக்கும். எக்செலில் ஆளுக்கொரு வரி போட்டு, எந்தக் கிராண்ட், எத்தனை சதவீதம், அது என்று முடிகிறது, இவருடைய பணி ஒப்பந்தம் என்று முடிகிறது என்று நிரப்பிப் பாருங்கள். கிராண்ட் ஜூனில் முடியும், ஒப்பந்தமோ டிசம்பர் வரை இருக்கும். நடுவில் உள்ள ஆறு மாதத்துக்கு அந்த 60 சதவீதம் யார் தருவார்கள்? இந்தக் கேள்வி மே மாதக் கடைசியில் எழுந்தால், வேலை போகும் செய்தி ஒருவருக்கு ஒரே மாத அவகாசத்தில் போய்ச் சேரும். ஜனவரியிலேயே எழுந்தால் வேறு நிதி தேடலாம். கிடைக்காவிட்டாலும் அவரை நேரில் உட்காரவைத்துப் பேச நேரம் இருக்கும்.

டைம்ஷீட்டும் இதோடு சேர்ந்ததுதான். "இது என்ன பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுப்பார்கள். எந்தத் திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற பதிவு இல்லாமல் சம்பளத்தைக் கணக்கில் எழுதினால் நிதி தந்தவர் அதை ஏற்க மறுக்கலாம் என்று ஒரு முறை விளக்குங்கள். அப்புறம் விடாமல் கேளுங்கள்.

அந்தப் பட்டியலில் உங்கள் வரியும் இருக்கும், அதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. உங்கள் சம்பளம், அலுவலக வாடகை, தணிக்கைச் செலவு எல்லாம் 'மறைமுகச் செலவு' என்ற தலைப்பில் போகும். அதற்குப் பல நிதியாளர்கள் உச்சவரம்பு வைப்பார்கள். மறைமுகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு தொண்டு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமெரிக்க அமைப்புகள் 2013இல் நன்கொடையாளர்களுக்குத் திறந்த மடலே எழுதின. அப்படியும் அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. அதனால் புதிய திட்ட விண்ணப்பத்துக்கு பட்ஜெட் போடும் கூட்டங்களில் கட்டாயம் உட்காருங்கள். ஆளெடுப்பு, பயிற்சி, காப்பீடு இதெல்லாம் அங்கே எழுதப்படாவிட்டால் பிறகு எங்கிருந்தும் வராது.

அடுத்து ஆட்கள். காலநிலை வேலைக்கு வருகிறவர்கள் மனசோடு வருகிறார்கள், அதனாலேயே லீவு எடுக்க மாட்டார்கள். பனிப்பாறை உருகும் தரவைப் பகல் முழுக்கப் பார்க்கிறவருக்கு, நாலு நாள் லீவு கேட்பதே குற்றமாகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், பர்ன்அவுட், அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவது, சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்று இருக்கிறது. கவனியுங்கள், அழுத்தம் பணியிடத்தினுடையது. யோகா வகுப்பு வைத்து அதைத் தீர்க்க முடியாது, ஆளைக் கூட்டியோ வேலையைக் குறைத்தோதான் தீர்க்க வேண்டும். யார் எத்தனை நாள் லீவு எடுக்காமல் இருக்கிறார்கள் என்று மாதந்தோறும் பாருங்கள், பட்டியலில் இயக்குநரையும் சேர்த்து. அவர் எடுக்காதவரை மற்றவர்களும் எடுக்க மாட்டார்கள். ஐ.நா. காலநிலை மாநாடு வழக்கமாக நவம்பரையொட்டி வரும். அந்த நேரத்தில் அப்ரைசல் வைக்காதீர்கள், பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள்.

களப்பணியாளர்களுக்கு இரண்டு விஷயம் உடனே செய்யுங்கள். கைக்காசு போட்டுப் பயணம் செய்தவருக்கு பில் கொடுத்த ஒரு வாரத்தில் பணம் போக வேண்டும். அப்புறம் வெயில். உலகத் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதீத வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் சொன்னது. இதை அறிக்கையில் மேற்கோள் காட்டிவிட்டு, தன் ஆட்களை நண்பகலில் கணக்கெடுக்க அனுப்பும் நிறுவனமாக உங்களுடையது இருக்கக் கூடாது. எந்த வெப்பநிலைக்கு மேல் களவேலை நிற்கும், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று எழுதி வையுங்கள்.

சரி, அறிவியல். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின், 2023இல் வந்த தொகுப்பறிக்கைக்குக் கொள்கை வகுப்போருக்கான சுருக்கம் ஒன்று உண்டு. அதை மெதுவாகப் படியுங்கள். புரியாத இடங்களை அடிக்கோடிட்டுக்கொண்டு உங்கள் ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் போய் உட்காருங்கள், சந்தோஷமாகச் சொல்லித்தருவார். எழுந்து வரும்போது அவருடைய டைம்ஷீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.