பூட்டிய வீட்டு ராபின் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

இந்த வருடம்தான் இங்கிலாந்தில் தோட்டம் உள்ள வீட்டுக்குக் குடிவந்தோம். நவம்பரில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் ஃபீடர் ஒன்று வாங்கி, சூரியகாந்திப் பருப்பு போட்டு மரத்தில் தொங்கவிட்டேன். இரண்டு வாரம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது விடிந்ததுமே கூட்டம். மகள் பள்ளிக்குக் கிளம்பாமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அதில் மார்பு சிவந்த ராபின் ஒன்று இன்னொரு ராபினைக் கண்டால் விரட்டி விரட்டி அடிக்கிறது. கிறிஸ்துமஸ் அட்டையில் அத்தனை சாதுவாக உட்கார்ந்திருக்குமே, அதுவா இது!

என் கவலை வேறு. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது, உங்களை நம்பி வந்ததெல்லாம் பட்டினியில் செத்துவிடும்" என்கிறார். "முடியாத காரியத்தை எதற்குத் தொட்டீர்கள்?" என்கிறாள் மனைவி. ஃபீடரை நிரப்பி வைத்துவிட்டுப் போனால் போதுமா?

எம்.

அன்புள்ள எம்,

நிம்மதியாக ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். ஆனால் ஃபீடரை நிரப்பி வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பெரியவர் சொல்வதை நானும் பல வருடம் நம்பியவன்தான். ஆனால் பறவைகள் ஒரே கடையில் பற்று வைத்துச் சாப்பிடுவதில்லை. உங்கள் தோட்டத்துக்கு வரும் ப்ளூ டிட் என்ற சிறு பறவை அதே நாளில் தெருவில் இன்னும் பல தோட்டங்களுக்குப் போகும்; நடுவில் மரப்பட்டை இடுக்கில் பூச்சியும் தேடும். அமெரிக்காவில் சிக்கடி என்ற சிறு பறவையை வைத்து இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வருடக்கணக்காகத் தீனி கிடைத்துவந்த இடத்தில் ஃபீடர்களை எடுத்துவிட்டார்கள். ஃபீடரையே பார்த்திராத சிக்கடிகள் அந்தக் குளிர்காலத்தில் எந்த அளவுக்குப் பிழைத்தனவோ, அதே அளவுக்கு இவையும் பிழைத்தன. அதே சமயம், கடுங்குளிர் அடித்த மாதங்களில் தீனி கிடைத்த பறவைகள் கூடுதலாகத் தப்பின என்பதும் அங்கே பார்த்ததுதான். உதவி நிஜம், அதற்காக உங்களை நம்பியே அவை உயிர் வாழ்கின்றன என்று ஆகிவிடாது.

டிசம்பரில் கூட்டம் சேர்வதற்குக் காரணம் இரவு. 21ஆம் தேதி வாக்கில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. ப்ளூ டிட்டின் எடை சுமார் 11 கிராம். பதினாறு மணி நேர இருட்டை, பகலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் அது கடக்க வேண்டும். காலையில் கண் விழிக்கும்போது உடம்பு இளைத்திருக்கும். அதனால்தான் விடிந்ததும் அந்த அடிதடி. இருட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை. ரென் என்ற இத்தனூண்டு பறவை மற்ற நேரத்தில் தன் இனத்தை அண்டவே விடாது. அதுவே குளிர் இரவில் ஒன்றோடொன்று நெருக்கியடித்துத் தூங்கும். 1969இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரே கூட்டுப்பெட்டிக்குள் 61 ரென்களை எண்ணியிருக்கிறார்கள்.

ராபினுக்கு அந்தச் சமரசமெல்லாம் கிடையாது. குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியே எல்லை வகுத்துக்கொண்டு, தனித்தனியே பாடிக் காவல் காக்கும். டேவிட் லாக் என்ற ஆய்வாளர், ராபின் எல்லைக்குள் வெறும் சிவப்பு இறகுக் கொத்து ஒன்றை வைத்துப் பார்த்தார். தலை இல்லை, உடம்பு இல்லை. அதையும் எதிரியாக நினைத்து மிரட்டின. அந்தச் சிவப்புதான் அட்டையிலும் ஏறியது. விக்டோரியா காலத்துத் தபால்காரர்கள் சிவப்புக் கோட்டு போட்டிருந்ததால் அவர்களுக்கு ராபின் என்று பட்டப்பெயர். வரைந்தவர்கள் பறவையின் அலகிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் திரும்பி வரும் நேரத்தில் இரண்டு ராபின்கள் அடித்துக்கொள்ளாமல் ஒரே தோட்டத்தில் தெரிந்தால், ஜோடி சேர்ந்துவிட்டன என்று அர்த்தம்.

தீனி வைப்பதால் எதுவுமே மாறாது என்றும் சொல்லமாட்டேன். பிளாக்கேப் என்ற பறவை மத்திய ஐரோப்பாவிலிருந்து குளிர்காலத்துக்குத் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போகும். அதில் ஒரு பகுதி கடந்த அறுபது வருடங்களில் வடமேற்கே திரும்பி, பிரிட்டன் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிவிட்டது. நாம் வைக்கும் தீனிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

சரி, நிரப்பும் விஷயம். சில வருடங்களுக்கு முன் நானும் ஃபீடரை விளிம்பு வரை நிரப்பிவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது மழைநீர் இறங்கி, அடியில் இருந்த பருப்பு சாம்பல் நிறக் களியாகியிருந்தது. மேலே இருந்தது நன்றாகத்தான் இருக்கிறது என்று சோம்பலில் அப்படியே விட்டேன். நான்காம் நாள் கிரீன்ஃபின்ச் என்ற சிறு பறவை ஒன்று ஃபீடர் கம்பியில் உட்கார்ந்தது. இறகெல்லாம் உப்பி, பந்து போல. அலகைச் சுற்றி ஈரம். ஒரு பருப்பை எடுக்கும், மெல்லும், விழுங்க முடியாமல் கீழே விடும், மறுபடி எடுக்கும். நான் கைநீட்டும் தூரத்துக்குப் போன பிறகும் பறக்கவில்லை. மறுநாள் புல்லில் கிடந்தது.

ட்ரைக்கோமோனோசிஸ் என்று பெயர். தொண்டையில் வரும் ஒட்டுண்ணி நோய். ஒன்று கக்கிய பருப்பை இன்னொன்று எடுத்தால் தொற்றிவிடும். 2006 முதல் பிரிட்டனில் கிரீன்ஃபின்ச்சைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 2021இல் அந்தப் பறவை, மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. என் ஃபீடரில்தான் அதற்குத் தொற்றியதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அன்று அந்த ஃபீடரைக் கழுவி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தீனியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கடைசி நாள் ஃபீடரைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து உள்ளே வையுங்கள். வீட்டில் இருக்கும் நாட்களிலும் வாரம் ஒரு முறை கழுவுங்கள். ஓரிரு நாளில் தீர்கிற அளவு மட்டும் போடுங்கள். உப்புப் போட்ட கடலை வேண்டாம். தண்ணீர்த் தட்டு உறைந்தால் பனிக்கட்டியைத் தட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுங்கள், உப்புப் போட்டு உருக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அத்தனை அக்கறை இருந்தால் மிச்சப் பருப்பை அவரிடமே கொடுத்துவிடலாம். உங்கள் வீட்டுப் பறவைகள் எப்படியும் அவர் தோட்டத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

திரும்பி வந்ததும் ஜனவரிக் கடைசி வாரயிறுதியை மகளுக்கு ஒதுக்கிவையுங்கள். நாடு முழுக்க வீட்டுத் தோட்டங்களில் பறவை எண்ணுவார்கள். 1979 முதல் நடக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வகையிலும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுத வேண்டும். உங்கள் ராபின் இருபது தடவை வந்து போனாலும் கணக்கில் ஒன்றுதான். மகள் சண்டைக்கு வருவாள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.