தமிழைப் பிடித்துக்கொண்டு ஸ்பானியம்

அன்புள்ள அண்ணா,

உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். சீசனுக்கு ஸ்பெயின்காரரும் வருகிறார்கள். ஃபோனில் ஆப் ஒன்றைப் போட்டு ஸ்பானியம் படிக்கிறேன். விளக்கம் முழுக்க ஆங்கிலம். 'பிடிக்கும்' என்பதை ஸ்பானியத்தில் தலைகீழாகச் சொல்வார்களாம். அதில் சிக்கி நிற்கிறேன். என் ஆங்கிலமே அரைகுறை. முதலில் அதைத் திருத்திவிட்டுத்தான் இதற்கு வரவேண்டுமா?

க., திருகோணமலை

அன்புள்ள க.,

தேவையில்லை. தலைகீழ் என்பது ஆங்கிலத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான். 'மே குஸ்தா எல் தே.' மே: எனக்கு, குஸ்தா: பிடிக்கும், எல் தே: தேத்தண்ணி. இதில் எது தலைகீழ்? 'நான் பிடிக்கும்' என்று நாமும் சொல்வதில்லையே. பன்மையை மட்டும் கவனியுங்கள்: மாம்பழங்கள் என்றால் 'மே குஸ்தான் லோஸ் மங்கோஸ்'. தலையிடியும் இதே அச்சுத்தான்: 'மே துவேலே லா கபேசா.' பசி மட்டும் விலகிப்போகும். 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது பசியை வைத்திருக்கிறேன் என்பார்கள். அங்கே 'எனக்கு' கிடையாது.

கதைக்கிறேன், கதைக்கிறாய், கதைக்கிறோம் என்பதுபோல ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ். யார் என்பது விகுதியிலேயே இருப்பதால் 'நான்', 'நீ' எல்லாவற்றையும் விட்டுவிடலாம். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் ஒவ்வொரு வசனத்திலும் 'யோ, யோ' (நான், நான்) என்று அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. 'கடல் பார்த்தேன்' என்று சொல்லலாம், 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு 'ஐ' கட்டாயம். ஸ்பானியத்திலும் 'வேயோ எல் மார்' என்று கடலை அப்படியே விடுவார்கள், அம்மாவுக்கு ஒரு 'ஆ' சேர்ப்பார்கள்: 'வேயோ ஆ மி மாத்ரே.' ஆங்கிலத்தில் இந்த வித்தியாசமே இல்லை.

அடுத்து உங்களை மடக்கப்போவது 'இரு' என்ற பொருள்தரும் சேர், எஸ்தார் என்ற இரண்டு வினைகள். நிரந்தரமானதற்கு முதலாவது, தற்காலிகமானதற்கு இரண்டாவது என்று பலர் சொல்லித்தருவார்கள். அதை நம்பவேண்டாம். கோணேசர் கோயில் எங்கும் நகரப்போவதில்லை. ஆனாலும் அது மலையில் இருக்கிறது என்பதற்கு எஸ்தார்தான் வரும். தமிழை வைத்துப் பாருங்கள். 'நான் சமையல்காரன்': வினையே இல்லை, அங்கே சேர், 'சோய் கோசினேரோ'. 'வீட்டில் இருக்கிறேன்': 'எஸ்தோய் என் காசா'. தேத்தண்ணி சூடாக இருக்கிறது என்றாலும் எஸ்தார். எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. 'அவ உயரமாக இருக்கிறா' என்போம், அவர்களோ 'எஸ் ஆல்தா' என்று சேரைப் போடுவார்கள். திருவிழா, கலியாணம் எங்கே நடக்கிறது என்று சொல்வதற்கும் சேர்தான்.

பால் விஷயத்தில் தமிழ் கைவிட்டுவிடும். அஃறிணை என்று ஒதுக்க முடியாது. மேசை பெண், வரைபடம் ஆண். லா மேசா, எல் மாபா என்று முன்னால் வரும் சொல்லோடு சேர்த்தே பாடமாக்குங்கள். தண்ணீர் பெண்பால், ஆனால் 'எல்' போட்டுக்கொண்டு வரும்: எல் ஆகுவா ஃப்ரியா, குளிர்ந்த தண்ணீர். விடுதிக்காரருக்கு இது தினம் தேவைப்படும்.

மரியாதைக்கு 'உஸ்தெத்'. அதோடு வினை 'அவர்' வடிவில் வரும்: 'கியேரே ஆகுவா?', தண்ணீர் வேண்டுமா? ஸ்பெயின்காரர் சீக்கிரமே 'தூ' என்று நீ போட்டுக் கதைக்கத் தொடங்குவார்கள், அதைக் குறையாக எடுக்காதீர்கள். அவர்கள் மாறினபிறகு நீங்களும் மாறலாம்.