மண்ணுக்கு மேல் சுவடு எதுவும் இல்லாத நிலையில், இங்கிலாந்தின் ரெண்டில்ஷாம் என்ற ஊரில் ஆங்கிலோ-சாக்சன் (இடைக்காலத் தொடக்கத்தில் இங்கிலாந்தை ஆண்ட இனத்தார்) அரண்மனை இருந்ததாக எப்படிச் சொல்கிறார்கள்? அதில் ஊர் மக்களுக்கு என்ன வேலை?

முதலில் ஏட்டுச் சான்று. துறவி பீட் 731-இல் முடித்த திருச்சபை வரலாற்றில், இந்த ஊர் அரச இருப்பிடமாகக் குறிப்பிடப்படுகிறது. ஊர் சஃபோக் பகுதியில், கப்பலோடு புதைத்த ஆங்கிலோ-சாக்சன் கல்லறைக்குப் பெயர்பெற்ற சட்டன் ஹூவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

நிலத்துச் சான்றுக்கு வழிவிட்டவர்கள் திருடர்கள் என்பதுதான் வேடிக்கை. இரவோடு இரவாக உலோகம் தேடும் கருவியுடன் வந்து வயலைக் கிளறினார்கள். நிலத்துக்காரர் முறையிட்டார். 2008-இல் முறையான ஆய்வு தொடங்கியது. காசுகள், பொன் நகைத் துண்டுகள், பட்டறைக் கழிவுகள் எல்லாம் கிடைத்தன. என்னைக் கேட்டால், நகையைவிடக் கழிவுதான் பெரிய சான்று. நகை வழிப்போக்கன் தவறவிட்டதாகக்கூட இருக்கலாம். கழிவு இருந்தால் அங்கேயே பொற்கொல்லர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று பொருள்.

கட்டடம் முழுக்க மரம், மக்கிப் போய்விட்டது. ஆனால் தூண் நட்ட குழியிலும் சுவருக்கு வெட்டிய பள்ளத்திலும் நிரம்பிய மண், சுற்றியுள்ள மணலைவிடக் கறுப்பாக இருக்கும். மேல்மண்ணை வழித்துவிட்டுக் கொத்துக்கரண்டியால் மெல்லச் சுரண்டினால் அந்தக் கறுப்புத் தடம் வரிசையாகத் தெரியும். 2022-இல் அப்படித்தான் 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட மண்டபம் தென்பட்டது. மறு ஆண்டு, கோயிலாக இருக்கலாம் எனக் கருதப்படும் சிறிய கட்டடமும் வெளிப்பட்டது.

இந்தச் சுரண்டும் வேலையில்தான் ஊர் மக்கள் வருகிறார்கள். பிரிட்டனின் தேசிய லாட்டரி வருவாயிலிருந்து கிடைத்த நிதியுதவியோடு நடந்த இத்திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட 600-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், அகழ்வதிலும் கிடைத்ததைக் கழுவி வகைப்படுத்துவதிலும் பங்கேற்றார்கள்.